மட்டக்களப்பில் இரவு இசைக்கு ஒரு இடம்: பக்கத்து வீட்டை எழுப்பாமல் நடத்துவது எப்படி?

#1 வாவிக்கரை

மட்டக்களப்பில் இரவில் நேரடி இசை கேட்க நிலையான இடம் ஒன்றில்லை. ஆள் இல்லாமல் இல்லை. கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கு, தேவாலயப் பாடகர் குழுக்கள் இருக்கு, திருவிழா இசைக்குழுக்கள் இருக்கு. ஆனாலும் எல்லாம் கலியாண மண்டபம், கோயில் மேடை, ஹோட்டல் சாப்பாட்டு அறை மூலை என்றுதான் ஓடுகிறது. யாராவது வெள்ளி, சனியில் தொடர்ந்து நடத்தத் தொடங்கினால் மூன்றாம் கிழமை முறைப்பாடு, நாலாம் கிழமை பூட்டு.

இந்த இழையில் புலம்பல் வேண்டாம். சட்டம், சத்தம், மண்டபம், கரண்ட், காசு. தெரிந்தவர்கள் எண்ணோடு எழுதுங்கள். நாளைக்கு ஒருவர் மாநகர சபைக்கோ பொலிஸுக்கோ போனால் கையில் கொண்டுபோகக்கூடியதாக இருக்கட்டும்.

#2 கச்சேரிவாசல்

முதலில் சட்டம். (எங்கள் ஊரில் கச்சேரி என்றால் அரசாங்க அதிபர் அலுவலகம். பாட்டுக் கச்சேரி வைக்கவும் அந்தப் பக்கத்துப் படிகளைத்தான் ஏற வேண்டும். பெயர்ப் பொருத்தம் அப்படி.)

ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுப்பது பொலிஸ், பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின் கீழ். 2007இல் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவாக அனுமதி இல்லை. விசேட நிகழ்வு என்றால் அயலில் குடியிருப்பவர்களின் கருத்தைக் கேட்ட பிறகுதான் அந்த நேரத்துக்குள் கொடுக்கலாம். ஆகவே அயலவர் கையெழுத்துத் தாள் என்பது மரியாதைக்கு வைப்பதல்ல, கோப்பின் முதுகெலும்பே அதுதான்.

அடுத்தது 1996ஆம் ஆண்டின் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள். காணியின் எல்லையில் அளப்பார்கள். மாநகர சபை, நகர சபைப் பகுதியில் பகலுக்கு 63, இரவுக்கு 50 டெசிபெல். பிரதேச சபைப் பகுதியில் 55, 45. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நீதிமன்றம், பொது நூலகம் ஆகியவற்றிலிருந்து 100 மீற்றருக்குள் அமைதி வலயம்: 50, 45. பலருக்குத் தெரியாத விஷயம், இந்த விதியில் 'இரவு' தொடங்குவது மாலை 6 மணிக்கு. பத்து மணி வரை எவ்வளவும் போடலாம் என்று நினைப்பவர்கள் இரண்டு சட்டத்தையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள்.

டிக்கெட் விற்றால் களியாட்ட வரி உண்டு. டிக்கெட் புத்தகத்தை விற்கும் முன்பே உள்ளூராட்சி மன்றத்தில் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். விற்ற பிறகு போய்த் தலையைச் சொறிந்து பயனில்லை. பிறருடைய பாட்டைப் பொது மேடையில் பாடுவதற்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி உரிமைதாரரின் அனுமதி வேண்டும். இதை இங்கே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நிலையான இடமாக நடத்தப் போகிறவர் எடுத்தே ஆக வேண்டும்.

#3 ஊர்ச்சங்கு

எல்லாம் சரி. அடிப்படைக் கேள்வி ஒன்று: இஞ்ச நைட்கிளப் எதுக்கு? எங்கட ஊருக்கு அது பொருந்துமா?

#4 சல்லரி

ஐயா, விடிய விடிய மத்தளமும் சல்லரியும் அடித்துக் கூத்தாடின ஊர் இது. வடமோடி, தென்மோடி என்ற கூத்து வகை இரண்டும் இரவுக் கலைதான். களரியைச் சுற்றிச் சனம் பாய் போட்டுக் குந்தியிருந்து பார்த்தது. பறங்கியர் வீட்டுக் கலியாணத்தில் வயலினோடு கபிறிஞ்ஞா ஆடுவது இங்கேதான் இன்னும் மிஞ்சியிருக்கு. பைலாவின் ஆறு எட்டுத் தாளத்துக்கு உறவுக்காரர் கொழும்பில் மட்டும் இல்லை. யாழை ஆராய்ந்த விபுலானந்தர் பிறந்தது காரைதீவில். இரவில் இசை கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதா?

#5 ஊர்ச்சங்கு

தம்பி, கூத்தில பதினெட்டு அங்குலப் பெட்டி இல்லை.

#6 ஃபேடர்

ஊர்ச்சங்கு ஐயா சொன்ன அந்த ஒற்றை வரியில்தான் இந்த இழையின் முக்கால்வாசி இருக்கிறது. மத்தளத்தின் ஒலி சுவரில் பட்டுக் குறையும், மரத்தில் பட்டுக் குறையும். ஐயா சொன்ன பதினெட்டு அங்குலப் பெட்டி, அதாவது சப்வூஃபர், கொடுக்கும் 50, 60 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஆறு, ஏழு மீற்றர். அதற்குச் சீற்றும் யன்னலும் ஒரு தடையே இல்லை. முறைப்பாடு செய்கிறவர் 'பாட்டுக் கேட்கிறது' என்று சொல்வதில்லை. 'நெஞ்சு இடிக்கிறது, யன்னல் அதிருது' என்பார். அது பேஸ், தாழ்ந்த ஒலி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. விதி அளப்பது 'ஏ' நிறையிட்ட டெசிபெல். அந்த அளவில் 63 ஹெர்ட்ஸ் ஒலி 26 டெசிபெல் குறைவாகவே பதிவாகும். மீற்றர் 'பரவாயில்லை' என்று காட்டும், பக்கத்து வீட்டில் அலுமாரி ஆடும். எண்ணைக் காட்டி வாதாடி வெல்லலாம், அயலவரை வெல்ல முடியாது. தாழ்ந்த ஒலியை அவ்வளவு குறைக்காத 'சி' நிறையிலும் எல்லையில் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையில் 15க்கு மேல் வித்தியாசம் வந்தால் பேஸ்தான் வெளியே போகிறது. கைபேசிச் செயலியை இதற்கு நம்ப வேண்டாம், பல கைபேசிகளின் மைக் தாழ்ந்த ஒலியை வெட்டிவிடும்.

திறந்த வெளியில் கணக்கு இப்படி: தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபெல் குறையும். மேடைக்கு 5 மீற்றரில் 98 என்றால் 10இல் 92, 20இல் 86, 40இல் 80, 80இல் 74. இப்படியே போனால் 50ஐத் தொடுவது 1,280 மீற்றரில். கல்லடியில் அவ்வளவு தூரம் குறுக்கே நடந்தால் கடலோ வாவியோ வந்துவிடும். ஆகவே நகருக்குள் கிழமைக்குக் கிழமை திறந்தவெளியில் முழு பாண்ட் என்பது நடக்காத காரியம். அது வருடத்தில் நாலைந்து தடவை, அனுமதியோடு, நேரத்தோடு முடிப்பது. கிழமை நிகழ்ச்சி என்றால் மூடிய மண்டபம்தான்.

அந்த நாலைந்து தடவைக்கும் செய்யக்கூடியவை:

மிக்சரில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே கூர்மையாக வெட்டிவிடுங்கள். கிக் ட்ரம்மின் அடி 60 முதல் 80க்குள் கிடைக்கும், அதற்குக் கீழே இருப்பது அம்ப்ளிஃபயருக்குச் சுமை, அயலவருக்குத் தொல்லை. குரல் மைக் எல்லாவற்றிலும் 100இல் வெட்டு.

சப் பெட்டி இரண்டை முன்பின்னாக, இரண்டும் சனத்தைப் பார்க்க, முன்முகத்துக்கு முன்முகம் ஒரு மீற்றர் இடைவெளியில் வையுங்கள். பின்பெட்டியின் துருவத்தைத் திருப்பி (கூட்டல், கழித்தல் முனையை மாற்றி), 2.9 மில்லிசெக்கன் தாமதம் கொடுங்கள். எங்கள் வெக்கையில் ஒலி ஒரு மீற்றர் போக எடுக்கும் நேரம் அதுதான். பின்பக்கம் போகும் பேஸ் ஒன்றையொன்று அழிக்கும். இரண்டும் ஒரே வகைப் பெட்டியாக, ஒரே அளவுச் சத்தத்தில் இருக்க வேண்டும். கலப்படமாக அடுக்கினால் அழியாது. பின்னால் இரண்டு மீற்றருக்குள் சுவர் இருந்தாலும் கெட்டுப்போகும். சரியாக வந்ததா என்று பார்க்க மேடைக்குப் பின்னால் நின்று பின்பெட்டியை அணைத்துப் போடுங்கள். போட்டதும் சத்தம் குறைய வேண்டும். கூடினால் துருவமோ தாமதமோ பிழை.

#7 சல்லரி

களரி முறையே இதற்கு விடை என்று நினைக்கிறேன். நடுவில் மேடை, சுற்றிச் சனம், சின்னப் பெட்டிகள் பல. 25 மீற்றரில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும் என்று மேடையில் ஏற்றுவதை விட 5 மீற்றருக்கு ஒரு பெட்டி வைத்தால் ஒவ்வொன்றும் 14 டெசிபெல் குறைவாக ஓடினால் போதும்.

#8 ஃபேடர்

கணக்கு சரி, முழுதாக இல்லை. ஆறு பெட்டி சேர்ந்தால் எல்லையில் 8 டெசிபெல் திரும்பி ஏறும். மிஞ்சுவது 6. அதுவும் நல்ல லாபம்தான். ஆனால் நடு மேடையில் பாடகரின் மைக் எல்லாப் பெட்டிக்கும் முன்னால் நிற்கும், விசில் அடிக்கும். பெட்டிகளைச் சனத்தின் வெளிவட்டத்தில் வைத்து உள்ளே திருப்பாமல், மேடையோரத்தில் வெளிநோக்கி, தலைக்கு மேல் ஏற்றி, கீழ் நோக்கிச் சாய்த்து வையுங்கள். மேடை மொனிட்டருக்குப் பதில் காதுக்குள் வைக்கும் இயர்ஃபோன். ட்ரம்ஸுக்குக் கம்பித் தூரிகைக் குச்சி (பிரஷ்).

#9 முகத்துவாரம்

இடத்தைப் பற்றி ஒன்று. வாவிக்கரையில் மேடை போடும்போது எல்லாரும் 'எதிரே தண்ணிதானே, வீடு இல்லையே' என்று பெட்டியை வாவிக்குத் திருப்புகிறார்கள். அதுதான் பெரிய பிழை. வாவி மேல் ஒலியை உறிஞ்ச மரமில்லை, மறைக்க வீடில்லை, தண்ணீர்ப் பரப்பு கண்ணாடி மாதிரித் திருப்பி அனுப்பும். காற்று அடங்கிய தெளிந்த இரவில், அடிக்காற்று குளிர்ந்து மேற்காற்று சூடாக இருந்தால், மேலே போக வேண்டிய ஒலியும் வளைந்து இறங்கும். பக்கத்துத் தெருவில் ஒன்றும் இல்லை, அக்கரையில் முறைப்பாடு என்றால் காரணம் இதுதான்.

கடல் பக்கம் திருப்புங்கள். கச்சான் வீசும் மாதங்களில் காற்றும் ஒலியைக் கடலுக்கே கொண்டுபோகும். பின்னேரம் கடற்காற்று எதிர்த்து வந்தால் ஒலி மேலே வளைந்து பின்வரிசைக்குக் குறையும். அப்போது சத்தத்தைக் கூட்டாமல் பின்வரிசைக்கு ஒரு துணைப் பெட்டி போடுங்கள், தூரத்துக்கு மீற்றருக்கு 2.9 மில்லிசெக்கன் தாமதத்தோடு. ஐப்பசி முதல் தை வரை திறந்தவெளியை மறந்துவிடுங்கள். வாடையும் மழையும் சேர்ந்து கூடாரத்தைக் கிளப்பும்.

#10 வாவிக்கரை

பௌர்ணமியில் கல்லடிப் பாலத்தடியில் பாடுமீன் கேட்கத் தோணியில் போவார்களே, அதற்கும் இடைஞ்சல் இல்லாமல் இருக்க வேண்டும்.

#11 முகத்துவாரம்

ஓம். 1848இல் பிரித்தானிய ஆட்சியின் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் வந்து தோணிப் பலகையில் காதை வைத்துக் கேட்டு எழுதிய ஒலி, ஈர விரலால் கண்ணாடிக் கிண்ண விளிம்பைத் தடவினது போல என்று. அவ்வளவு மெல்லிசு. அரை மைலுக்கு அப்பால் ஒரு சப் ஓடினாலே முடிந்தது.

#12 தும்புப்பாய்

மண்டபத்துக்கு வருவோம். இங்கே கிடைப்பது பெரும்பாலும் சீமெந்துத் தரை, பூசின சுவர், சீற் கூரை. 20க்கு 12 மீற்றர், உயரம் 5 என்று வையுங்கள். கன அளவு 1,200, மேற்பரப்பு எல்லாம் சேர்ந்து 800 சதுர மீற்றர். அந்தப் பரப்பு சராசரி நூற்றுக்கு 5 வீதம்தான் உறிஞ்சும், அதாவது 40. எதிரொலி அடங்கும் நேரம் 0.161 × 1,200 ÷ 40, கிட்டத்தட்ட 4.8 செக்கன். அதில் பாட்டுக்கு வரி விளங்காது. சவுண்ட்காரர் குரலைத் தெளிவாக்கச் சத்தத்தைக் கூட்டுவார், கூட்டினால் இன்னும் கலங்கும். வெளியே போகும் சத்தத்தில் ஒரு பங்கு இந்தச் சுற்றில் பிறக்கிறது.

100 பேர் வந்தால் ஆளுக்கு 0.45 வீதம் 45 கூடும். தடித்த துணித்திரை 60 சதுர மீற்றர், மடிப்பு மடிப்பாக, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டால் இன்னும் 30. மொத்தம் 115, நேரம் 1.7 செக்கனுக்கு வந்துவிடும். 1.2 அளவுக்கு இறக்கினால் நேரடி பாண்டுக்கு நல்லது. தும்புப் பலகை இரண்டு அங்குலம், பின்னால் இரண்டு அங்குலக் காற்றிடைவெளி, நடுத்தர ஒலிக்கு வேலை செய்யும். பேஸுக்கு இவை எதுவும் போதாது, அதற்கு மூலைகளில் அடி அகலத்தில் பாறைப்பஞ்சு (ரொக்வூல்) அடைத்த பெட்டிகள் வேண்டும். முட்டைத் தட்டு ஒட்டுவது வீண், அது உயர்ந்த ஒலியைக் கொஞ்சம் சிதறடிக்கும், அவ்வளவே.

இதெல்லாம் உள்ளே இருப்பவருக்கு. வெளியே போகாமல் தடுப்பது வேறு வேலை, பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துத் திரைக்குக் காசைக் கொட்டுகிறார்கள். தடுப்பது பாரமும் அடைப்பும். சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மற்றதெல்லாம் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபெலைத் தாண்டாது. எங்கள் மண்டபங்களில் காற்றுக்காகக் கூரையடியில் விட்ட ஓட்டையே அதைவிடக் கூட. அதை அடைத்தால் வெக்கையில் ஆள் இருக்க ஏலாது. அடைப்பும் ஏசியும் சேர்ந்துதான் வரவேண்டும், அதுதான் பெருஞ்செலவு. காற்றுக்குழாயை இரண்டு தடவை வளைத்து உள்ளே பஞ்சு போர்த்தினால் ஒலி குழாயோடு போகாது. வாசலுக்கு இரட்டைக் கதவு, நடுவில் ஒன்றரை மீற்றர், ஒன்று மூடிய பிறகே மற்றது திறப்பது.

#13 கச்சேரிவாசல்

தும்பைப் பற்றி எழுதும்போது தீயைப் பற்றியும் எழுத வேண்டும், அண்ணன். 2003 பெப்ரவரியில் அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு கிளப்பில் மேடை வாணப்பொறி சுவரில் ஒட்டியிருந்த ஸ்பொஞ்சில் பட்டு 100 பேர் இறந்தார்கள். மெத்தை ஸ்பொஞ்சைச் சுவரில் ஒட்டுவது அங்கேயும் மலிவான வழியாகத்தான் தெரிந்தது. தும்பும் தீப்பிடிக்கும். தீ தாங்கும் பூச்சு இல்லாமல் போட வேண்டாம், விளக்குகளிலிருந்து தள்ளி வையுங்கள். இரண்டு வாசலாவது எதிரெதிர்ப் பக்கத்தில், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், நிகழ்ச்சி முடியும் வரை பூட்டுப் போடக்கூடாது. டிக்கெட் இல்லாதவன் பின்வாசலால் நுழைவான் என்று சங்கிலி போடுவது இங்கே வழக்கம். அந்தச் சங்கிலிக்காகவே ஒரு நிகழ்ச்சியை நிறுத்தலாம்.

#14 ட்ரிப்சுவிச்

கரண்ட். அம்ப்ளிஃபயர் எல்லாம் சேர்ந்து 12 கிலோவோற் என்று எழுதியிருந்தால் உண்மையில் பாட்டுக்கு இழுப்பது மூன்றிலொன்று, வீணாகும் சூட்டோடு 5. விளக்கு 3, மேடைக் கருவிகள் 1, மின்விசிறி 2. மொத்தம் 11. ஜெனரேட்டர் கணக்குக்குத் திறன்காரணி 0.8ஆல் பிரிக்க 14 கேவிஏ, மேலே முப்பது வீதம் விட்டு 20 கேவிஏ எடுங்கள். கொத்துக் கடைக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் வேறு ஃபேஸ். கொம்பிரசர் ஏறும் ஒவ்வொரு தடவையும் மிக்சர் துடிக்கும்.

மூன்று ஃபேஸ் எடுத்தால் எர்த்துக்கு அடுத்தபடி, ஃபேஸ் கம்பிகளுக்கு முன் நியூட்ரலைப் பூட்டுங்கள், கழற்றும்போது ஃபேஸ் கம்பிகளுக்குப் பிறகு கழற்றுங்கள். நியூட்ரல் தளர்ந்தால் 230 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 400 வரை ஏறும், ஒரு நொடியில் கீபோட், மிக்சர் எல்லாம் புகை. எதையும் செருகும் முன் ஒவ்வொரு பிளக்கிலும் மீற்றர் வைத்து அளந்து பாருங்கள். ஜெனரேட்டரில் நியூட்ரலும் எர்த்தும் இணைந்திருக்க வேண்டும், எர்த் கம்பி மண்ணில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச் பேருக்குத்தான் இருக்கும்.

'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் எர்த் பின்னை முறித்துவிடுவார்கள். செய்ய வேண்டாம்! கிற்றார்காரரின் உதடு மைக்கில் பட்டால் ஆள் விழுவார். இரைச்சலை, கருவிக்கும் மிக்சருக்கும் நடுவில் வரும் டீஐ பெட்டியில் உள்ள எர்த் சுவிச்சால் வெட்டுங்கள், அதற்குத்தான் அது. இன்னும் ஒன்று, பழைய மண்டபங்களில் வட்டப் பின் 15 அம்பியர், வாடகைச் செட்டில் சதுரப் பின் 13. அடப்டர் மேல் அடப்டர் போட்டால் அங்கேதான் சூடேறும். ஒரு முனையில் வட்டப் பின்னும் மறுமுனையில் சதுரப் பின் சொக்கெட்டும் முறையாகப் பூட்டிய கேபிள் இரண்டு வைத்திருங்கள்.

#15 பொத்துவில்காற்று

அறுகம்பேயைப் பற்றி யாரும் எழுதவில்லை. சித்திரை முடிந்து ஐப்பசி வரை அலைச்சறுக்குச் சீசன், அப்போது அம்பாறை மாவட்டத்தில் இரவு இசை நடப்பது அங்கேதான். வேடிக்கை என்னவென்றால் அது பொத்துவில் பிரதேச சபைப் பகுதி, ஆக இரவுக்கு 45 டெசிபெல். மட்டக்களப்பு நகரை விடக் குறைவு! கடற்கரை ஹோட்டலும் மீனவர் வாடியும் பள்ளிவாசலும் ஒரே தெருவில். அங்கே ஒத்துப்போவது மூன்று விஷயத்தில் தங்கியிருக்கு: தொழுகை நேரத்தில் ஒலிச்சோதனை வைக்காதது, நோன்பு மாதத்தில் வெளிமேடை போடாதது, வெளியே போதையில் திரிபவனை இடம் நடத்துபவரே பொறுப்பெடுப்பது. சத்தத்தை விட மூன்றாவதுதான் ஊரைக் கோபப்படுத்துவது. உப்புக்காற்றில் பெட்டியின் கொனெக்டர் ஒரு சீசனில் பச்சை பிடிக்கும், மாதம் ஒரு தடவை துடையுங்கள்.

#16 ஊர்ச்சங்கு

அதைத்தான் நான் கேட்டேன். இசைக்கு நான் எதிரி இல்லை, மனே. குடிக்குத்தான்.

#17 சல்லரி

அப்படியென்றால் போயா நாளைப் பிடியுங்கள். அன்றைக்கு நாடு முழுக்க மதுக் கடை மூடல். பௌர்ணமி, வாவிக்கரை, வீணையோ வயலினோ கிற்றாரோ, சப் பெட்டி இல்லாமல். பாடுமீனுக்கும் பங்கமில்லை. குடி இல்லாமல் இரவு இசை நடக்கும் என்று மாதம் ஒரு தடவை காட்டினால் மற்ற நாளுக்குக் கேட்கும்போது ஒரு வரலாறு கையில் இருக்கும்.

#18 கதவுவசூல்

வரலாறு நல்லது, வாடகையை யார் கொடுப்பது? மது விற்காத இடத்துக்கு வருமானம் டிக்கெட்டும் சாப்பாடும்தான். கணக்குக்குச் சொல்கிறேன்: ஒரு இரவின் நிலைச்செலவு 120,000 ரூபா, வரி போக டிக்கெட்டில் கைக்கு வருவது 1,000 என்றால் 120 பேர் வந்தால் கை கடிக்காது. அந்த 120 உங்கள் மண்டபக் கொள்ளளவில் அறுபது வீதத்துக்கு மேல் போகக்கூடாது. 130 பேர் கொள்ளும் இடத்தில் இதைச் செய்தால் ஒரு மழை நாளில் முடிந்துவிடும். கலைஞருக்கு ஒரு அடிப்படைத் தொகை, நிலைச்செலவு கழிந்த பிறகு மிச்சத்தில் எழுபது வீதம் அவர்களுக்கு என்று எழுத்தில் போடுங்கள். 'கூட்டம் வந்தா பாத்துச் செய்யிறன்' என்ற பேச்சால்தான் நல்ல வாசிப்பாளர்கள் கொழும்புக்கும் கட்டாருக்கும் போகிறார்கள்.

#19 கச்சேரிவாசல்

மாநகர சபைக்கு வைக்கக்கூடிய ஒரு கோரிக்கை. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2014 முதலும், இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கையில் 2018 முதலும் ஒரு விதி இருக்கு: ஏற்கெனவே இசை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக வீடு கட்டுபவரே சத்தத் தடுப்புக்குப் பொறுப்பு. ஜெர்மன் நாடாளுமன்றம் 2021இல் கிளப்புகளைக் கேளிக்கை விடுதி என்றில்லாமல் பண்பாட்டு இடமாகக் கருதச் சொல்லித் தீர்மானம் எடுத்தது. இங்கே நேரடியாக ஒட்டாது, பாதிக்குப் பாதி எங்கள் இடங்கள்தான் வீடுகளுக்கு நடுவே பிறகு வந்தவை. ஆனாலும் கட்டட அனுமதிப் படிவத்தில் 'அருகில் இசை நிகழ்விடம் உண்டா' என்று ஒரு கேள்வி சேர்க்கக் கேட்கலாம். அதற்குச் செலவே இல்லை.

#20 ஊர்ச்சங்கு

இடம் முன்னமே இருந்தது, நீ பிறகு வந்தாய் என்று ஒருத்தனுக்குச் சொல்வதற்கு அந்த இடம் பத்து வருசமாவது நிக்க வேணும். அதுக்கு முதல் அயலோட ஒத்துப்போங்க.

#21 ஃபேடர்

ஐயாவுக்கு ஒரு ஓம். உள்ளே இருப்பவரின் காதுக்கும் ஒரு வரி: உலக சுகாதார நிறுவனம் 2022இல் வைத்த அளவு 15 நிமிடச் சராசரி 100 டெசிபெல், அதற்கு மேல் போகக்கூடாது. மிக்சர் இடத்தில் 95இல் நிறுத்தினால் 1.2 செக்கன் மண்டபத்தில் தாராளம்.

#22 வாவிக்கரை

அயலவருக்கு என்று என்ன செய்வது, நடைமுறையில்?

#23 கச்சேரிவாசல்

நாலு நாள் முன்னால் சுற்றி 200 மீற்றருக்குள் ஒவ்வொரு வீட்டிலும் துண்டுத்தாள்: தொடங்கும் நேரம், முடியும் நேரம், ஒரு கைபேசி எண். அந்த எண்ணை மேடைக்குப் பக்கத்தில் நிற்பவர் வைத்திருக்கக்கூடாது, அவருக்கு மணி கேட்காது. வாசலில் நிற்பவர் வைத்திருக்கட்டும், அதிர்வில் போட்டு, சட்டைப்பையில். அழைப்பு வந்தால் நேரம், எந்தத் தெரு, பேஸா குரலா என்று கொப்பியில் எழுதி, சவுண்ட்காரருக்குக் கைவிளக்கால் இரண்டு தடவை காட்டினால் அவர் சப்பை 3 டெசிபெல் இறக்க வேண்டும். அடுத்த அனுமதிக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள்.